மொட்டையடித்த புல்லும் கமீலோவின் நெஞ்சும்

கமீலோ அந்தக் காய்ச்சலை மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்தான் என்று குடியிருப்புச் சங்கத் தலைவர் வெர்னன் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்கு இன்னும் ஆறவில்லை. கமீலோ பிறந்தது இதே அரிசோனாவில், காசா கிராண்டேவில். எங்கள் ஊர் மேசாவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். மெக்சிகோவுக்கு அவன் போனது ஒரே தடவை, பல் பிடுங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் மலிவு. ஒரு பல்லை அங்கே விட்டுவிட்டு வந்தான், எதையும் கொண்டுவரவில்லை. பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்பது அரிசோனா மண்ணில் இருக்கிற பூஞ்சையால் வருவது. புழுதியோடு மூக்கில் ஏறும். வெர்னன் வடக்கே மினசோட்டாக்காரர். வெளியூர் என்றால் அவர்தான் வெளியூர்.

கமீலோ என் தங்கை இர்மாவின் புருஷன். குட்டையான ஆள், எருமைக் கழுத்து, குரல் தெருமுனை வரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவான். பிடித்துவிட்டால் நம் மேலேயே கோபப்படுவான். அந்தக் குடியிருப்பின் புல்தரை முழுக்க அவன் பொறுப்பு. நான் அவனிடம் குழாய் வேலை பார்த்தேன். அவன் வீட்டு வாசலில் ஒரு புல் கிடையாது. வெறும் மண், ஒரு நாய்.

இங்கே கோடைக்கு அருகம்புல்தான் தாங்கும். குளிர் வந்தால் அது வைக்கோலாகிவிடும். வடக்கே பனிக்குப் பயந்து இங்கே வருகிற கிழடுகளுக்கு அது ஆகாது, வாசல் பச்சையாக இருக்க வேண்டும். அதனால் அக்டோபரில் தண்ணீரை நிறுத்தி, அருகைக் காயப்போட்டு, மண் தெரிகிற வரை மொட்டையடித்து, மேலே குளிர்காலப் புல் விதையைத் தூவுவோம். மொட்டையடிக்கிற அன்று மாவு மில்லுக்குள் நிற்பது போலிருக்கும். எச்சில் துப்பினால் சேறு வரும்.

ஒரு வருஷம் பக்கத்துக் குடியிருப்பு எங்களுக்கு முன்னால் பச்சையாகிவிட்டது. வெர்னன் அதைச் சொல்லிச் சொல்லியே கமீலோவைக் குத்தினார். அடுத்த வருஷம் இவன் செப்டம்பரிலேயே புல்வெட்டும் மெஷினை இறக்கிவிட்டான்.

"மாப்ளே, வெயிலு இன்னும் அடுப்பா எரியுது. விதை பொரிஞ்சிரும்" என்றேன்.

"நீ குழாயைப் பாரு மச்சான். விதைக்கும் எனக்கும் நடுவுல வராத."

பொரிந்துதான் போனது. மிச்சத்தைப் புறா தின்றது. மறுபடி காயப்போட்டான், மறுபடி மண்ணோடு சுரண்டினான், மறுபடி தூவினான். ஒரே பருவத்தில் இரண்டு தடவை அந்தப் புழுதி. முளைத்த கொஞ்சமும் சொறிநாய் முதுகு மாதிரி திட்டுத் திட்டாக முளைத்தது. அடுத்த வருஷமும் இப்படி என்றால் புல்லையெல்லாம் பிடுங்கிவிட்டுச் சரளைக்கல் கொட்டுவோம் என்று சங்கம் சொல்லிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு இருமல் வந்தது. நிமோனியா என்று மாத்திரை கொடுத்தார்கள். கோடைக்குள் அந்தக் கழுத்து பாதியானது. இர்மா வேறு டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பள்ளத்தாக்குக் காய்ச்சல், நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, புழுதிப் பக்கமே போகக் கூடாது என்றார்.

அக்டோபர் வந்தது. போய்ப் பார்த்தால் கொல்லையில் உட்கார்ந்து மெஷின் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். இர்மா பக்கத்தில் நின்று கத்துகிறாள்.

"யோவ், டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு, நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"இந்த வருஷம் பச்சை வரலைன்னா எல்லாம் கல்லு. கல்லை யாரு வெட்டுவா, உன் அண்ணனா?"

"கல்லுன்னா கல்லு. நாமளே கொட்டிட்டுப் போவோம் மாப்ளே" என்றேன்.

"ஊர்ல என்ன பேசுவான்? கமீலோவுக்குப் புல்லு முளைக்கலைன்னு பேசுவான். உனக்கென்ன, மீசையே முளைக்கல, வெக்கமா பட்ட?"

"செத்துருவய்யா நீ" என்றாள் இர்மா.

"விதை தூவிட்டுச் சாவுறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் உள்ளே போய்க் கதவை அறைந்தாள். அடுப்பில் பீன்ஸ் தீய்கிற வாசனை வந்தது. அவன் கத்தியைத் திருப்பிப் போட்டுத் தீட்டினான்.

மெஷினை நான் ஓட்டுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். குருட்டு நாவிதன் மாதிரி வெட்டுவாய் என்று விரட்டினான். ஒரு வாசல் முடிப்பான், லாரிக்குள் ஏறி உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு விடுவான், இறங்கி அடுத்த வாசலுக்குப் போவான். அவன் கடந்துபோன இடமெல்லாம் புழுதி நின்றது. எல்லா வாசலையும் முடித்தான். விதையையும் அவனே தூவினான்.

புல் முளைத்தது. அதை மறுக்க முடியாது. குழந்தைத் தலைமுடி மாதிரி சீராக, ஒரு திட்டு விடாமல் முளைத்தது. அதைப் பார்க்க அவன் வரவில்லை. அன்று காலை தலைவலி என்று எழுந்தவனுக்கு லாரிச் சாவி எதற்கு என்று தெரியவில்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

நான் தனியாகக் குழாயைத் திறந்துகொண்டிருந்தபோது வெர்னன் வந்தார். "பிரமாதமா வந்திருக்கே. இனிமே வெட்டுறதுக்கு யாரு வருவா?" என்று கேட்டார். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. அடுத்த வருஷமே தண்ணீர்த் தட்டுப்பாடு என்று சொல்லி அத்தனை புல்லையும் பிடுங்கிவிட்டுக் கல்தான் கொட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் கமீலோவுக்கு நினைவு வரும், போகும். நினைவு வந்தபோது இர்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாய்க்குச் சோறு வைத்தாயா என்று கேட்டான். வைத்தேன் என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

கடைசியாக நான் போன அன்று அவனைச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே ஆஸ்பத்திரியின் புல்தரையை எவனோ காலம் தாழ்த்தி மொட்டையடித்துக்கொண்டிருந்தான். ஆள் நடுநடுவே தெரிந்தான். மற்றபடி நகர்கிற மண் மேகம்தான்.

"மச்சான்."

"சொல்லு மாப்ளே."

"கீழ பாரு, ஒரு எருமை."

"பாத்தேன்."

"வாயத் தொறந்துக்கிட்டே வெட்டுறான்."

பேசியதே அவனுக்கு மலை ஏறியதாகிவிட்டது. மூச்சு திரும்பும் வரை காத்திருந்தேன்.

"எறங்கிப் போ. மெஷின நிறுத்தச் சொல்லு. வாயையும் மூக்கையும் துணியால கட்டிக்கிட்டு வெட்டச் சொல்லு. கேக்கலைன்னா அறைஞ்சிட்டுச் சொல்லு."