ஹெட் குமாஸ்தா மாற்றி எழுதிய சொல்

பழுப்பு அட்டை போட்ட அந்த இங்கிலீஷ் அகராதி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பத்திரம் பதிகிற ரிஜிஸ்தர் கச்சேரியில் எனக்கு மேலே இருந்த ஹெட் குமாஸ்தா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று என் கையில் கொடுத்தது. எதை எழுதினாலும் அதைப் புரட்டிவிட்டுத்தான் எழுதுவார். நான் அங்கே நகல் எழுதுகிறவன். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன்.

மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு விதவை மனுக் கொடுத்தாள். அவளுடைய இருபோக வயலை அவளே விற்றுவிட்டதாகக் கொழுந்தன் தன் பேருக்கு ஒரு பத்திரம் பதிந்திருந்தான். அதிலிருந்த கையெழுத்து தன்னுடையதல்ல என்றாள். புருஷன் இருந்தபோது தான் கையெழுத்திட்ட பழைய பத்திரத்தையும் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் ஒப்பிட்டு மேலிடத்துக்கு அறிக்கை எழுதும் வேலை ஹெட் குமாஸ்தாவுக்கு வந்தது. பெயரை மட்டும் எழுதக் கற்றவள் அவள்; பழையதில் ஒவ்வொரு எழுத்தும் நாற்று நட்டதுபோலத் தள்ளித் தள்ளி நின்றது. புதியதில் பெயர் ஒரே இழுப்பில் ஓடியது. எனக்கே தெரிந்தது.

அவர் முதலில் ‘டிபரண்ட்’ என்றுதான் எழுதினார். பிறகு அகராதியைப் புரட்டினார். அடித்துவிட்டு ‘டிஸ்ஸிமிலர்’ என்று எழுதினார். நான் பார்ப்பதைக் கண்டு, “டிபரண்டுன்னா இது வேற, அது வேறன்னு அடிச்சுச் சொல்றது. கொழுந்தன்காரன் வக்கீல வச்சு என்னையக் கூண்டுல ஏத்திருவான். டிஸ்ஸிமிலர்னா ஒண்ணுபோல இல்லைன்னு மட்டுந்தான்ப்பா. ஒரே கையி காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி எழுதாதா?” என்றார். “ஒனக்கு வாயில்லைன்னுதான ஒன்னைய இங்கன வச்சிருக்கு, கம்முனு நகலெடு” என்று சிரித்தார்.

அவர் வெளியே வந்தபோது வாசலில் அவள் காத்திருந்தாள். “ஐயா, என் கையெழுத்து இல்லைன்னு எழுதிட்டீகளா?”

“எழுதியாச்சு ஆத்தா. நிம்மதியாப் போ.”

“ஒங்க புள்ளகுட்டி நல்லாருக்கணும்” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மேலிடத்திலிருந்து பதில் வந்தது. வயதாக ஆகக் கையெழுத்து மாறும், ஒன்றுபோல் இல்லை என்பதாலேயே வேறு ஆள் எழுதியதாகக் கொள்ள முடியாது, மனு தள்ளுபடி.

அடுத்த நடவின்போது அவள் ஊர் வழியே போனேன். தன் வயலிலேயே கூலிக்கு நட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு நிமிர்ந்தாள். “தம்பி, அந்த ஐயா என்னதான் எழுதுனாக?”

அதைத் தமிழில் சொல்ல எனக்குத் தெரியும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

அகராதியைத் திறந்தால், அந்தச் சொல்லின் கீழே அவர் போட்ட பென்சில் கோடு இன்னும் மங்காமல் கிடக்கிறது. அவரைக் குறை சொல்லித்தான் இத்தனை வருஷமும் மனசை ஆற்றிக்கொண்டேன். ஆனால் அந்த அறிக்கையின் நகலில், ‘அசலோடு ஒப்பிட்டேன், வித்தியாசம் இல்லை’ என்று கையெழுத்திட்டிருப்பவன் நான்.