கடலோர மனை காட்டியவர்

பிள்ளைகளே, மாமல்லபுரம் பக்கம் எனக்கு மனை காட்டிய தரகர் வெள்ளை வேட்டிக்காரர். எந்த மனையில் கால் வைத்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்.

அன்று மனையின் சொந்தக்கார அம்மாவும் வந்திருந்தார். நகையை விற்று இதே தரகர் மூலம் வாங்கியவர்.

"இத்த வித்தாதான் உம் பொண்ணுக்குக் கல்யாணம். நல்ல மனைன்னு சாராண்ட நீயே சொல்லும்மா" என்றார் தரகர்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். "வாங்காதீங்க சார். நான் வாங்கினப்புறம், கடலோரம் வூடு கட்டக்கூடாதுன்னு கவர்மெண்டு சட்டம் போட்டுடுச்சி."

"அப்ப பொண்ணும் நீயும் இங்கியே குந்திக்கினு கடல் அலைய எண்ணுங்க" என்று தரகர் சிரித்தார். உடனே என்னிடம் திரும்பி, "வாங்க சார், வூடு கட்ற மாதிரி மனையும் நம்மகிட்ட கீது" என்றார்.

முகம் மாறாமல் அந்தத் தரகர் அதை எப்படிச் சொன்னாரோ, இன்றும் எனக்கு விளங்கவில்லை.