பிரசவ வார்டில் ஒரு கொலைக்கதை

பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் சந்துப் பெண்களில் தமிழ் சரளமாக வாசிக்கத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் பெண்கள் எங்கள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டு உட்கார, அம்மா மாத நாவலைச் சத்தமாக வாசிப்பாள். போலீஸ் கதை, பேய்க் கதை எல்லாம் வரும். ஆனாலும் உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறையில் பிணம் கிடந்தால்தான் சந்துக்குக் கொண்டாட்டம். பாதியில் நிறுத்தி, "யாரு கொன்னுருப்பா, சொல்லுங்க பாப்போம்" என்பாள் அம்மா. எதிர்வீட்டு அத்தை எந்தக் கதையானாலும் சமையல்காரனைத்தான் பிடித்துக் கொடுப்பாள்.

எனக்கு எட்டு வயதில், அப்படியொரு கதை கடைசி அத்தியாயத்தில் நிற்கும்போது அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது, பிரஷர் கூடிவிட்டதாம். முந்தின வருஷமும் அம்மா அதே ஆஸ்பத்திரிக்குப் போய், பாப்பா இல்லாமல் திரும்பி வந்திருந்தாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. என் கவலை வேறு: எஸ்டேட் முதலாளியைக் கொன்றது யார்?

சமைத்துப்போட சான்பாடாவிலிருந்து வந்த சித்தி அந்தக் கவலையைத் தீர்த்தாள். அதே நாவலை அவளும் படித்திருந்தாள். குடும்ப டாக்டர்தான் கொலைகாரன் என்று சந்து முழுக்கப் போட்டு உடைத்தாள். எதிர்வீட்டு அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையணைக்கடியில் நாவல், மடித்த பக்கம் மடித்தபடியே இருந்தது.

எதிர்வீட்டு அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். "மைனி, எங்களுக்குத் தூக்கமே வரல. யாரு கொன்னான்னு வாசிங்க."

"மனசே சரியில்ல. தங்கச்சி இருக்காள்லா, அவள வாசிக்கச் சொல்லுங்க."

"அவ வாசிச்சா ரேஷன் கடையில பேரு கூப்பிடுத மாதிரில்லா இருக்கு!"

நான் "அதான் டாக்..." என்று தொடங்கவும் சித்தி தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்தை முணுமுணுப்பாகத்தான் வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் துப்பறிகிறவன் கதவைத் தட்டியபோது அம்மாவும் கட்டில் கம்பியைத் தட்டினாள். தமிழ் தெரியாத பக்கத்துக் கட்டில்காரிகளுக்குச் சித்தி இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள். வழக்கம்போல நிறுத்தி, "யாரு, சொல்லுங்க" என்றாள் அம்மா.

"சமையல்காரன்தான். எம் புள்ள மேல சத்தியம்!" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

"இல்ல! டாக்டர்தான் கொலைகாரன்!" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிய அம்மா கத்தவும், ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் வார்டுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. எல்லோரும் சிரிக்க, என்ன சிரிப்பு என்று கேட்டார். சித்தி விஷயத்தைச் சொன்னதும், "மைனே குச் நஹி கியா!", நான் ஒண்ணுமே செய்யலை என்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். வார்டே சிரித்தது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

அந்த வாரமே தங்கை பிறந்தாள், ஆஸ்பத்திரிக் கூரை அதிர அழுதுகொண்டு.

ஆனால் அன்று பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்கு ஒரே கோபம். "நேத்தே சித்தி சொல்லிட்டாள்லா? பொறவு ஏன் கேட்டீங்க?" என்றேன். எதிர்வீட்டு அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மறந்து போச்சுட்டி" என்றாள். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

இவ்வளவு பெரியவர்களுக்கு ஒரு கொலைகாரனை ஒரு நாள்கூட நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று, வீடு வந்து சேரும்வரை அவர்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.