டாக்டர் லூர்துமேரியின் நான்காவது வரி

செவ்வாய்க்கிழமை காலை புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. டாக்டர் லூர்துமேரி மாரடைப்பில் போய்விட்டார். எதிரே இருந்தவருக்கு மருந்துச் சீட்டை எழுதி முடித்தேன். அதற்குப் பிறகுதான் செய்தியை மறுபடி படித்தேன்.

அல்லிநகரத்தில் அவர் நடத்திய ஸ்கேன் மையத்தை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அவசரப்பட மாட்டார், அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாவார். அறுவை மருத்துவனான எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது. பித்தப்பைக்கு ஸ்கேன் கேட்டால் வயிறு முழுவதையும் பற்றி எழுதி அனுப்புவார். "கேட்டதை மட்டும் எழுதக் கூடாதா மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன். "அவுக எதுக்கு வந்தாகன்னு படத்துக்குத் தெரியாதே டாக்டர்" என்றார்.

அப்படி அவர் எழுதுபவற்றில் அடிக்கடி வருவது அட்ரீனல் கட்டி. சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பி அது. வேறு எதற்கோ எடுக்கும் ஸ்கேனில் அங்கே ஒரு கட்டி தென்படும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சின்னமனூர் ஆசிரியை ஒருவர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுப் புற்றுநோய் என்றே முடிவுசெய்து அழுதார். லூர்துமேரி அவரைத் திரை முன் உட்காரவைத்து, கட்டிக்குள் கொழுப்பு நிறைந்திருப்பதைக் காட்டினார். "இது சாதுவான கட்டி டீச்சர். ஹார்மோன் டெஸ்ட் பாத்துருவோம். சரியா இருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும்." ஆசிரியை இன்றும் நலமாக இருக்கிறார்.

செல்லப்பாண்டியின் கட்டி அந்த வகையல்ல. கூடலூர்க்காரர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர். பித்தப்பைக் கற்களுக்காக மறுநாள் காலை நான் அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தது. ரிப்போர்ட்டில் நான்கு வரிகள். முதல் மூன்றும் கற்களைப் பற்றியவை. வலது அட்ரீனலில் எலுமிச்சம்பழ அளவில் கட்டி, கொழுப்பு இல்லை, அறுவைக்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை தேவை என்றது நான்காவது. கண்ணில் பட்டது. அதற்காகவா வந்தார் என்று மடித்து வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் லூர்துமேரி ஆட்டோ பிடித்து வார்டுக்கே வந்துவிட்டார். என்னிடம் பேசாமல் நேரே செல்லப்பாண்டியிடம் போனார்.

"தலைவலியும் படபடப்புமா வந்து வேர்த்துக் கொட்டுமா?"

"அது மலையேறுறதுல வர்றதும்மா. ஸ்டாண்டுல எல்லாருக்கும் உண்டு."

"வண்டி நிக்கிறப்ப?"

அவர் யோசித்தார். "டயர் மாத்தக் குனிஞ்சா வரும். சட்டையே நனைஞ்சு போகும்."

மலைப்பாதை ஓட்டுநர்கள் உடம்புக்கு எது வந்தாலும் பழியை மலைமேல் போட்டுவிடுவார்கள். கேட்டிருந்தால் நானும் நம்பியிருப்பேன். லூர்துமேரி என் பக்கம் திரும்பி, "நாளைக்கு மயக்க மருந்து குடுக்க வேணாம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தேன்.

ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரைக் கேனில் மதுரைக்கு அனுப்பினோம். ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன்களைக் கட்டி கொட்டிக்கொண்டிருந்தது உறுதியானது. நான் கத்தி வைத்திருந்தால் ரத்த அழுத்தம் எகிறி மேசையிலேயே போயிருப்பார். அழுத்தத்தை அடக்கும் மாத்திரைகளை முதலில் கொடுத்து, சில வாரங்கள் கழித்து மதுரையில் கட்டியை எடுத்தார்கள். மனிதர் பிழைத்தார்.

"நல்லவேளை, நீங்க கண்டுபிடிச்சீங்க சார்" என்று அவர் மனைவி கும்பிட்டபோது நான் மறுக்கவில்லை. அந்தப் பேச்சு லூர்துமேரியின் காதுக்கும் போயிருக்கிறது. அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. வருடந்தோறும் செல்லப்பாண்டி ஒரு பெட்டி திராட்சை கொண்டுவருவார். வாங்கிக்கொண்டேன்.

லூர்துமேரியின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு உறவினர்களை ஏற்றி வந்த ஜீப்பை ஓட்டியவர் செல்லப்பாண்டிதான். "அன்னைக்கு வார்டுக்கு வந்து கேள்வி கேட்டாகளே, அவுகளா சார்?" என்றார். நடந்ததைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"ஆறு வருசமா உங்களயில்ல கும்பிட்டேன்" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

ரிப்போர்ட்டைக் கடைசி வரிவரை நோயாளிக்கு வாசித்துக்காட்டும் பழக்கம் லூர்துமேரியிடமிருந்து எனக்கு வந்தது. அதைச் சொல்லி நான் பெருமைப்பட முடியாது. அவருக்குச் சேர வேண்டிய நன்றியை ஆறு வருடம் நானே வைத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கப் போனபோது அவர் இல்லை.