சிவப்பு நகம்

கொல்லிமலையில் நான் கம்பவுண்டராக இருந்தபோது, மாதத்தில் ஒரு நாள் அடிவாரத்திலிருந்து டாக்டர் நடந்து ஏறி வருவார். செம்மேட்டில் தகரம் வேய்ந்த ஓர் அறைதான் ஆஸ்பத்திரி. குளோரோபார்ம் கொடுத்துக் கட்டியைக் கீறியதும் அவர் அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். மயக்கம் தெளியும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த நேரத்தில்தான் குழந்தைகளுக்கு இரத்தத்தில் பிராணவாயு சட்டென்று குறையும், குறைந்தால் நகமும் உதடும் நீலம் பாயும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நான் நகத்தோடு நிறுத்திக்கொள்வேன். அது பார்க்கச் சுலபம்.

ஓர் ஆனி மாதம், தேவனூர் நாடு என்ற மலைக்கிராமப் பகுதியிலிருந்து ஒருவர் தன் ஆறு வயது மகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்தார். தொடையில் முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது. டாக்டர் கீறிக் கட்டுப் போட்டுவிட்டு, வெளியே ஒருவருக்குப் பல் பிடுங்கப் போனார். நான் கடிகாரத்தோடு முக்காலியில் உட்கார்ந்தேன். பகல் பதினோரு மணிதான். ஆனால் மூடுபனி சன்னலில் வந்து அப்பியிருந்தது. குழந்தையின் விரல்களைப் பார்த்து 'நகம் சிவப்பு' என்று எழுதினேன். இரண்டாம் நிமிடமும் சிவப்பு. மூன்றாவதும் அப்படியே. இவ்வளவு நல்ல நிறத்தை எந்தக் குழந்தையிடமும் நான் கண்டதில்லை. கவலை வேண்டாம் என்று தகப்பனாரிடம் நகத்தைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, அது மருதாணிங்க. போன மாசம் என்ற தங்கச்சி கண்ணாலத்துக்கு வெச்சது. கையில அழிஞ்சு போச்சு, நகத்துல மட்டும் நிக்குதுங்க."

 குழந்தையின் உதட்டை விலக்கினேன், உள்பக்கம் கருநீலம். மூச்சு குறட்டையாக இழுத்தது, நின்றது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லித் தகப்பனாரை அனுப்பிவிட்டு, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தாடையை முன்னால் தள்ளி, வாய்க்குள் விரல் விட்டு, தொண்டையை அடைத்திருந்த நாக்கை இழுத்துப் பிடித்தேன். நான்கு விநாடி ஒன்றுமில்லை. பிறகு நீளமாக ஒரு மூச்சு வந்தது. இன்னொன்று. உதடு சாம்பல் நிறமாகி, மெல்ல இளஞ்சிவப்பானது.

கையில் குறடோடு ஓடிவந்த டாக்டர் குழந்தையைப் பார்த்தார், பிறகு என் நோட்டைப் பார்த்தார். ஓடிவரும்போதே தகப்பனார் மருதாணியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்; கல்யாணத்துக்குத் தன்னையும் அழைத்திருந்தால் முன்பே தெரிந்திருக்குமே என்று அவரிடம் சொன்னார். என்னிடம், விரலை எடுக்காதே என்றார்.

எடுத்திருக்கலாம். சற்று நேரத்தில் குழந்தை கண் விழித்து, என் சுட்டுவிரலை நறுக்கென்று கடித்தாள். தகப்பனார் பதறிப்போனார்.

"விடு சாமி, அவுரு வெரலு. விட்டுரு கண்ணு."

கடிக்கட்டும், நன்றாகக் கடிக்கட்டும் என்றேன். என் கண்ணில் தண்ணீர். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் விரலை விட்டுவிட்டு, தகரக் கூரை அதிர அழத் தொடங்கினாள். அழ அழ உதடு சிவந்துகொண்டே வந்தது. நானும் சரி, தகப்பனாரும் சரி, அவளை அழாதே என்று சொல்லவில்லை.