சித்தப்பா கிழித்த நாவல்

ஆந்திரா தனி மாநிலமாகி, எங்கள் புத்தூர் எந்தப் பக்கம் சேரும் என்று பெரியவர்கள் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்த காலம். என் சித்தப்பா மட்டும் நாவல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் நடத்தினார். மாதம் ஒரே பிரதி. வீடு வீடாகச் சுற்றி, மோர்க்கறையோடு திரும்பி வரும். அவர் கிறுக்குவது அவருக்கே புரியாது என்பதால், அழகாகப் பிரதி எடுப்பது ஒன்பது வயதான என் வேலை. அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு.

ஒருநாள் மதராசிலிருந்து ஒரு நாவலாசிரியர் வந்தார். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எல்லையைப் பற்றிப் பேச்சு. மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அவருடைய நாவலைத்தான் அந்த மாதம் சித்தப்பா கிழி கிழியென்று கிழித்து எழுதியிருந்தார். அதைப் பார்த்து மனிதர் முறுக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டால் கூட்டம் அவ்வளவுதான். ஊரைக் கூட்டியிருந்தவரே சித்தப்பாதான். அதனால் பத்திரிகை அரிசிப் பானைக்குப் பின்னால் போயிற்று.

எனக்கு இது தெரியாமலில்லை. ஆனால் மதராஸ் எழுத்தாளர் வந்தும் என் கையெழுத்தைப் பார்க்காமல் போவதா? அவர் பாதி சாப்பாட்டில் இருக்கும்போது கொண்டுபோய் நீட்டிவிட்டேன்.

"நான்தான் சார் எழுதினேன்!"

சித்தப்பாவுக்குப் புரையேறியது. எழுத்தாளர் இடது கையில் பிடித்துப் படித்தார். 'இந்த நாவலில் எங்கள் பக்கத்து விவசாயி சந்தையில் மாடு வாங்குகிறான். வாயிலிருந்து ஒரு தெலுங்குச் சொல் வரவில்லை. எங்கள் ஊரில் தெலுங்கில் அதட்டினால்தான் மாடே நடக்கும். ஆசிரியர் எங்களை ரயில் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.'

அம்மா சமாதானத்துக்கு வந்தாள். "எங்க கொழுந்தனுக்கு வேற பனி லேது சார். நீங்க இன்னும் கொஞ்சம் பப்பு போட்டுக்கினு துன்னுங்க."

வேலையைப் பனி என்றும் பருப்பைப் பப்பு என்றும் அவள் சொல்வது எங்களுக்குப் புதிதல்ல. எழுத்தாளர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சாப்பிட்டு எழுந்து, பத்திரிகையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலம் மேடையேறியதும் அவர் அந்த விமர்சனத்தை உரக்கப் படித்தார். மாடு வந்த இடத்தில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இந்த ஊர் யாருக்குச் சொந்தம்னு பேச வந்தேன். இந்த ஊர் எப்படிப் பேசும்னே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது," என்றார். பிறகு சித்தப்பாவைத் தேடிப் பார்த்து, "ஏன் சார், என் நாவல்ல ஒரு நல்லது கூடவா உங்க கண்ணுல படல?" என்று கேட்டார்.

பட்டிருந்தது. விமர்சனத்தின் கடைசியில் சித்தப்பா ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தார்: எங்களையும் மனிதர்களாக மதித்து எழுதிய முதல் ஆள் இவர்தான், அதற்காகவே இரண்டு முறை படித்தேன் என்று. பக்கத்தின் அடியில் தாமரை வரைய இடம் பற்றாமல் நான்தான் அதைப் பிரதி எடுக்காமல் விட்டுவிட்டேன்.

சித்தப்பா எழுந்தார். முன்வரிசையில் இருந்த என்னை ஒருமுறை பார்த்தார்.

"படலீங்க சார்," என்றார்.

எழுத்தாளர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

வீடு திரும்பும் வழியெல்லாம் சித்தப்பாவோடு நான் பேசவில்லை. ஊர் கூடிய இடத்தில், தமக்கு அவ்வளவு பிடித்த மனிதரிடம், இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று எனக்கு ஒரே கோபம்.