இரண்டு மாத ஊசி

எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தவன் பெண்வீட்டுக்குத்தான் குடிபோவான். நானும் அப்படித்தான் மருதமுனையில் மாமியின் வளவுக்கு வந்து சேர்ந்தேன். ஒரே வளவுக்குள் மூன்று வீடு. பனடோலோ பிரஷர் குளிசையோ எந்த வீட்டில் இருந்தாலும் எல்லாருக்கும் பொது.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது மனைவிக்கு மட்டும் தெரியும். அவளுக்குத் தொற்றவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மற்றவர்களுக்குத் தெரிந்தால் வெளியேற வேண்டியவன் நான்தான், வீடு அவர்களுடையது. ஆகவே பெரிய மூளைக்காரன் மாதிரி, தினமும் போடும் குளிசைகளை வேறொரு போத்தலில் கொட்டி, 'பிரஷர்' என்று எழுதி அலுமாரியில் வைத்தேன். எங்கள் வளவில் இதைவிட முட்டாள்தனம் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை மாமி அந்தப் போத்தலும் கையுமாக நின்றார்.

"மருமகன், என்ட பிரஷர் குளிசை முடிஞ்சிட்டு. உங்கடதில ஒண்டு எடுத்தன். இதென்ன இவ்வளவு பெரிசா இரிக்கி?"

"அது வேற மாதிரி மருந்து மாமி, உங்களுக்குச் சரிவராது" என்று போத்தலை வாங்கிக்கொண்டேன். எடுத்ததைத் திருப்பிக் கேட்க நாக்கு எழவில்லை.

அன்றே போத்தலை என் கடைக்கு மாற்றினேன். வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைத் திருத்துவது என் தொழில். வேலை மும்முரத்தில் மறந்துவிடுவேன். கடை பூட்டிய நாட்களில் குளிசையும் இல்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிருமி கூடியிருந்தது. உண்மையாகவே பயந்துபோனேன்.

அப்போதுதான் டொக்டர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றிச் சொன்னார். முதலில் குளிசையால் கிருமியை அடக்கிவிட்டு வரச்சொன்னார். மனைவி பொலிஸ்காரி மாதிரி நின்று விழுங்க வைத்தாள். சில மாதங்களில் என் முறை வந்தது.

எனக்கோ கேள்விக்கு மேல் கேள்வி. ஒரு மருந்து இரண்டு மாதம் எங்கே குந்தியிருக்கும்?

"தசைக்குள்ள இரிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சி ரத்தத்தில சேரும்" என்றார் டொக்டர். "ஆனா நாள் தப்பக்கூடாது. தப்பினா கிருமி மருந்துக்குப் பழகிடும்."

மோட்டாருக்குள் அடைத்த கிறீஸ் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பின்பக்கம் இரண்டிலும் ஒவ்வொரு ஊசி. வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போனேன். வாசலில் மாமி.

"என்ன நடை இது? ஊசி போட்டதா?"

"மோட்டார் கால்ல விழுந்திட்டு மாமி."

"பொய் சொல்லாதீங்க மகன். அண்டைக்கி எடுத்த குளிசைய நான் விழுங்கல்ல. பார்மசியில காட்டிக் கேட்டன். என்ன வருத்தமெண்டு எனக்கு அப்பவே தெரியும்."

எந்த உடுப்புகளைப் பையில் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். மாமி உள்ளே போய்ச் சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றி வந்தார்.

"அடுத்த ஊசி எண்டைக்கி?"

சொன்னேன். அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார்.

"நானும் கூட வாறன். ஆரும் கேட்டா, எனக்குக் கண் காட்டுற நாள் எண்டு சொல்லுங்க."